நரிமுடி மலையின் நிழல்

வரிசைப்படி சொல்கிறேன். நடந்ததை முன்பின்னாகச் சொன்னால் அந்தச் சந்தில் புகுந்து எதிர்த்தரப்பு வெளியே போய்விடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். முதலில் நரிமுடி மலையைச் சுற்றி முள்கம்பி இழுத்து, காலம்காலமாக அங்கே ஆடு மேய்த்தவர்களை அத்துமீறி நுழைந்தவர்கள் ஆக்கினார்கள். அடுத்து, மலை உச்சியில் இருந்த கருப்பனைக் கிரேன் வைத்து இறக்கி, ரேஷன் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார வைத்தார்கள். சாமியை இறக்கிய கிரேனுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டியவர்களும் எங்கள் ஊரில் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்து வெடி வைத்தார்கள், வீட்டுச் சுவர்களெல்லாம் பிளந்தன, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் வெடிச் சத்தத்துக்குப் பழகி, சத்தம் இல்லாத நாளில் பயந்து அழுதன. அடுத்து, கிணற்றுத் தண்ணீர் முழுவதும் குவாரிப் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. அடுத்து, ஒரு மனிதனைக் கொன்றார்கள். அதற்கடுத்து, அப்படி ஒரு மனிதன் இருக்கவே இல்லை என்றார்கள். கொன்றதும், இல்லை என்று சொன்னதும் தனித்தனி அநியாயங்கள். சேர்த்து ஒன்றாக எண்ணக் கூடாது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மலையை முடித்தார்கள், வேரோடு, மிச்சம் இல்லாமல், மலை இருந்த இடத்தில் மலை உயரத்துக்கு ஒரு பள்ளம் வரும்வரை.

இதில் எதையும் நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸ் அடித்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் என்மேல் வழக்கு உண்டு. செவக்காட்டுப்பட்டியில் என்னை நோட்டீஸ் தோழர் என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மிச்சப் படிப்பை நோட்டீஸ் படித்தும் நோட்டீஸ் எழுதியும் படித்தேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

கடைசிக் கல்லை ஏற்றிய லாரி போன அன்று சாயங்காலம், வழக்கமான நேரத்துக்கு, மலையின் நிழல் ஊர்மேல் விழுந்தது. ஊருக்கு மேற்கே மலை இருந்ததால் பொழுது சாயத் தொடங்கியதும் நிழல் முதலில் ஊர் கூடுகிற மந்தைக்கு வரும், பிறகு கீழத்தெருவுக்கு, பிறகு வயல்களைத் தாண்டிக் கண்மாய்க் கரைக்கு. அன்றும் அப்படியே வந்தது. பெண்கள் காயப்போட்ட மிளகாயை அள்ளினார்கள், கொடியில் கிடந்த துணியை எடுத்தார்கள், ஆடுகள் தாமாகத் தெருவுக்குள் திரும்பின, யாரும் மேற்கே நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏனென்றால் நிழல் வந்தால் வேலையைப் பார்க்க வேண்டுமே தவிர நிழல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. பல நாள் கழித்து வெளியூர் பஸ் கண்டக்டர் ஒருவர் மந்தையில் இறங்கி, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, மேற்கேயும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது எதோட நிழலு?" என்று கேட்டார்.

"மலையோட நிழலு," என்றாள் டீக்கடை வெள்ளையம்மா.

"மலை எங்க?"

"மலையத்தான் வித்துட்டாங்கல்ல," என்றாள் அவள், இதுகூடத் தெரியாத ஆளிடம் பேச வேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடு. கண்டக்டர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வண்டி ஏறினார்.

அதற்குப் பிறகுதான் ஊர் அந்த நிழலைக் கவனிக்கத் தொடங்கியது, கவனித்த பிறகும் அதிசயப்படாமல், அதைக் குடும்பம் நடத்துகிற காரியமாக எடுத்துக்கொண்டது. நிழலுக்குள் சமதரையில் நடந்தாலும் மலை ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கியது, அதனால் அந்த நேரத்தில் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், வயதானவர்கள் முன்பு சுனை இருந்த இடத்தின் நிழலில் குந்தி இளைப்பாறினார்கள், எழுந்தபோது வேட்டி நனைந்திருந்தது. நிழலுக்குள் போன ஆடுகள் வெறும் மண்ணை முகர்ந்து முகர்ந்து எதையோ கடித்து மென்று, இப்போது எங்கேயும் முளைக்காத புல்லின் வாசனையோடு வீடு திரும்பின. கருப்பனின் பூசாரி, தகரக் கொட்டகையில் இருப்பது வெறும் கல், சாமி உச்சியில்தான் இருக்கிறது என்று முடிவு செய்து, உச்சியின் நிழல் விழும் இடத்தைத் தேடிச் செம்பும் விபூதித் தட்டுமாக ஓடினார். நிழல் நிற்குமா? அது நகர நகர அவரும் மந்திரம் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். தை மாதத்தில் உச்சி சரியாகப் பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டிச்சாமி வீட்டு மாட்டுக் கொட்டடியில் விழுந்தது. ஆண்டிச்சாமி சாணியை அள்ளிவிட்டுக் கோலம் போட வைத்தார், மாடுகளுக்கு விபூதி பூசினார், உண்டியலும் ஒன்று வைக்கப் பார்த்தார், ஊர் விடவில்லை. நில அளவை ஆபீசிலிருந்து வந்தவர்கள் சங்கிலி போட்டு நிழலை அளந்தார்கள், பொருள் இல்லாமல் நிழலை மட்டும் பதிய எந்தப் படிவத்திலும் இடம் இல்லாததால் 'மேகமூட்டம்' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாளில் நிழலின் விளிம்பில் ஓர் ஆள் நடப்பது தெரிந்தது.

மலையின் முதுகு வெயிலில் கிழிந்த துணியின் ஓரம்போலத் தரையில் விழுமே, அந்த ஓரத்தின் மேலே, நெட்டையாக, நீண்ட கழுத்தோடு, தோளில் கடப்பாரையோடு ஓர் ஆளின் நிழல். பார்த்த எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெள்ளையம்மா மட்டும் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டுக் கீழத்தெருவுக்கு நடந்து, தன் பக்கத்து வீட்டு அடைக்கியின் கதவைத் தட்டி, "ஏடி, வா. ஒன் வீட்டுக்காரர் வந்துருக்காரு," என்றாள்.

அடைக்கியின் வீட்டுக்காரரைத்தான் குவாரியில் கொன்றார்கள். ஊரில் எல்லோரும் அவரைக் கொக்கு என்று கூப்பிட்டோம். கண்மாய்க் கரையில் ஒற்றைக் காலை மடித்து நின்று பீடி குடிக்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பிறந்தபோது அவருக்குத் தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் பெற்ற தாயே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் தம்பி, தம்பி என்று வளர்த்தாள். கட்டிக்கொண்டு வந்த அடைக்கியோ, புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களைப் போலவே நம்பினாள். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர் "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டபோது அவள் வெள்ளையம்மாவைப் பார்த்தாள், வெள்ளையம்மா "கொக்கு" என்றாள், அவர் எழுதிக்கொண்டு போனார். இப்படியாக அந்த மனிதர் தன் சொந்தப் பெயரை யார் வாயிலிருந்தும் கேட்காமலே வளர்ந்து, கல்யாணம் முடித்து, கல் உடைத்து, ஒருநாள் நேரம் தப்பி வெடித்த வெடியில் பாறைக்கு அடியில் போனார். மறுநாள் அந்தப் பாறைச் சரிவையே வாரி லாரியில் ஏற்றிவிட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லை. அப்படி யாரும் வேலைக்கு வரவில்லை என்றது குவாரி.

வழக்குப் போட்டோம். குவாரியின் வக்கீல் எழுந்து, கொக்கு என்பது பறவை, பறவைகள் எங்கள் கட்சிக்காரரிடம் வேலை பார்ப்பதில்லை என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதி, அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, அடைக்கியைக் கூண்டில் ஏற்றி, "உங்க கணவர் பேரைச் சொல்லுங்கம்மா," என்று கேட்டார். அடைக்கி தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கால் விரலைப் பார்த்தபடி நின்றாள். மனுதாரருக்குத் தன் கணவரின் பெயர் தெரியவில்லை என்று பதிவாயிற்று, வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கோபத்தில் கத்தினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒடம்பு கெடைக்கலல்லண்ணே. எங்கிட்டாவது உசுரோட கெடந்தார்னா? நானே பேரச் சொல்லி முடிச்சு வைக்கவா?"

'கொக்கு எங்கே?' என்று தலைப்புப் போட்டு அன்று ராத்திரியே அடுத்த நோட்டீஸை எழுதினேன். ஊர் அறிந்த பெயரைத்தான் போட்டேன், இன்றைக்கும் அது சரியான தலைப்பு என்றே சொல்வேன்.

நிழலில் அவரைப் பார்த்த நாள் முதல் அடைக்கி தினமும் சாயங்காலம் மந்தைக்கு வந்தாள். மலை முதுகின் ஓரம் எங்கே விழுகிறதோ அங்கே, வெயில் பக்கம், அவர் நிழலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். அவள் நிழலும் அவர் நிழலும் கிழக்கே பார்த்து ஒன்றுபோல விழும். பொழுது இறங்க இறங்க மலையின் நிழல் நீண்டு முன்னேறும், அவரும் முன்னேறுவார், அவளும் கூடவே நடப்பாள், மந்தையைத் தாண்டி, கீழத்தெருவைத் தாண்டி, தரிசாகிப்போன வயல்களின் வரப்பில், என்னவோ பேசிக்கொண்டு, ஒரு தடவை சிரித்துக்கொண்டுகூட, கண்மாய்க் கரைவரை. கரை ஏறும்போது சூரியன் மறையும், எல்லா நிழலும் ஒன்றாகிவிடும், அவள் தனியாகத் திரும்புவாள். அடைக்கி வரப்பில் வந்தால் ஊர் அவளுக்கு இரண்டு ஆள் போகிற வழி விட்டது. பிள்ளைகளைக் குறுக்கே ஓடக் கூடாது என்று அதட்டியது. மற்றபடி அவரவர் வேலையைப் பார்த்தது.

பிறகு வாசகர்கள் வந்தார்கள்.

வெளிநாட்டில் யாரோ எட்டுப் பாகத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார், நான் படித்ததில்லை, அதில் குடைந்து காலியாக்கிய ஒரு மலையும், அந்த மலைக்குக் காவலாக உடம்பே இல்லாத ஒரு நிழல் அரசனும் உண்டாம், அவன் பெயர் கெல்மோர். சைக்கிளில் நாடு சுற்றிய ஒருத்தி எங்கள் நிழலைப் படம் பிடித்துப் போட, கற்பனை நாவல்களின் நாடுகளை உலகத்தில் எங்கெங்கே நேரில் பார்க்கலாம் என்று யாரோ தொகுத்த வரிசையில், துருக்கியின் கூம்புப் பாறைகளுக்கும் சீனாவின் தூண் மலைகளுக்கும் அடுத்ததாகச் செவக்காட்டுப்பட்டி வந்துவிட்டது. குவாரிப் பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீர் அவர்களுக்குச் சூனியக்காரியின் ஏரி. பாறையை வெட்டி எடுத்த படி படியான சுவர் அரக்கர்களின் மாடிப்படி. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் எங்கள் மலையும்தான் அது என்று நான் இங்கிலீஷில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்கள், அதையும் கதையின் ஒரு பகுதி என்று நினைத்து. கெட்டவர்கள் இல்லை. போட்ட குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள், பிள்ளைகளுக்குப் பேனா கொடுத்தார்கள், சாம்பல் நிறப் போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு இந்த வெயிலில் மயக்கம் போட்டு விழுந்தார்கள்.

தண்ணீர் இல்லாமல், விவசாயம் இல்லாமல், குவாரி வேலையும் போய், பாதி ஊர் திருப்பூருக்குக் கிளம்பியிருந்த நேரம் அது. கிளம்பியவர்கள் திரும்பினார்கள். தண்ணீர் லாரி தினமும் வந்தது. வெள்ளையம்மா கெல்மோர் போண்டா போட்டாள். ஆண்டிச்சாமியின் மருமகன் துரைக்கண்ணு, குவாரியில் கிரேன் ஓட்டியவன், கருப்பனை இறக்கிய அதே கிரேன், இப்போது கையில் ஒலிபெருக்கியோடு வழிகாட்டி ஆனான். சாயங்காலம் நிழலின் ஓரத்தில் ஆள் நடக்கத் தொடங்கியதும் துரைக்கண்ணு கையை உயர்த்துவான், போர்வைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, "கெல்மோர்! கெல்மோர்!" என்று கூப்பிடுவார்கள்.

முதலில் அவர் திரும்பவில்லை. வெடிச் சத்தத்தில் ஒரு காது போனவர், உயிரோடு இருந்தபோதே கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அடைக்கி பக்கத்தில் நடந்துகொண்டே, "கத்திட்டுப் போறாங்க, நீங்க வாங்க," என்றாள். ஒருநாள், வரப்பில் பாதி தூரம் போயிருக்கும்போது, அவர் நின்றார். அந்தச் சத்தம் வந்த பக்கம் நீண்ட கழுத்தைத் திருப்பினார்.

வாழ்நாள் முழுவதும் ஒரு சொந்தப் பெயர் காதில் விழாத மனிதர். யாரால் குற்றம் சொல்ல முடியும்?

அதிலிருந்து ஒவ்வொன்றாக மாறியது. தோளில் இருந்த கடப்பாரையின் நிழல் கைத்தடியின் நிழலாக ஊன்றியது. தலைத்துண்டின் முனைகள் கிரீடத்தின் முட்களைப் போல நிமிர்ந்தன. தோளிலிருந்து போர்வை ஒன்று இறங்கித் தரையில் இழுபட்டது. நடை மாறியது, கல் சுமக்கிறவனின் முன்சாய்ந்த நடை போய், யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தவனின் நடை வந்தது. பிறகு அவர் கண்மாய்க் கரைவரை போவதையே விட்டுவிட்டு மந்தைக்கு நேரே நின்று, கூப்பிடக் காத்திருந்தார். அடைக்கி வரப்பில் தனியாக நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஊரும் பார்த்தது. அந்த நேரத்தில் எல்லோரும் தரையைக் கூட்டினார்கள், தராசைத் துடைத்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் அடைக்கி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நேத்து என்னய அடையாளம் தெரியல அவுகளுக்கு."

"நெழலுக்கு என்ன அடையாளம் தெரியும் அடைக்கி?"

"எனக்குத் தெரியும்ல? பக்கத்துல போயி நின்னேன். வெலகிப் போனாக. புதுசாப் பாத்த பொம்பளைக்கு வெலகுவாகள்ல, அப்படி." அவள் அழவில்லை. "ஆண்டிச்சாமி அண்ணன் தீர்மானம் போடப் போறாராமே?"

உண்மைதான். சுற்றுலாக் கம்பெனி ஒன்று மந்தையைக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. மந்தையில் விழும் உருவம் கெல்மோர் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கொடுத்தால்தான் காசு இறக்குவேன் என்றது. ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுத்து, சபையில் சாட்சிகள் முன்னால் வாசிக்க வேண்டும்.

"நான் ஆட்சேபம் எழுதி வச்சிட்டேன்," என்றேன். "பேரு மட்டும்தான் பாக்கி. நீ ஒரு தாள்ல எழுதிக் குடு. வாயால சொல்ல வேணாம். நான் வாசிச்சிடறேன்."

"நீங்க வாசிச்சா அது நோட்டீஸு."

அதைச் சொல்லிவிட்டு அவள் லேசாகச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் பொய் இல்லை.

"சரி, நீயே வாசி. அறிவொளி வகுப்புல எழுதப் படிச்சவதான?"

"படிச்சேன். குவாரி மேட்டுல உக்காந்து மொத மொதல்ல அவுக பேரத்தான் எழுதிப் பாத்தேன், மண்ணுல. எழுதுனா ஒண்ணும் ஆகாதுல்ல." முந்தானையை இழுத்துச் செருகினாள். "பேரச் சொல்லிட்டா செத்துருவாகண்ணே. சொல்லலேன்னா வேற ஆளாயிருவாக."

"அடைக்கி, அவரு செத்து..."

"தெரியும்," என்றாள். "நீங்க சொன்னா அது வேற. நான் சொன்னாத்தான் சாவு."

சுதந்திர தினத்தன்று கிராம சபை. வெளியூர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று ஆண்டிச்சாமி அதைச் சாயங்காலத்துக்கு மாற்றி, மந்தையில் ஜமுக்காளம் விரித்திருந்தார். போர்வைக்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நிழல் வந்து கால்களை நனைப்பதுபோல ஜமுக்காளத்தின் மேல் ஏறியது, சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மூச்சு வாங்கியது. ஆண்டிச்சாமி தண்ணீர், தெருவிளக்குத் தீர்மானங்களை எல்லாம் வேகமாகத் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"அடுத்த தீர்மானம். நம்ம மந்தையில தினம் சாயங்காலம் விழுகுற உருவமானது கெல்மோர் என்பவருடையது..."

"கெல்மோர் எந்தச் சாதி மாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வெள்ளைக்காரச் சாதிடா, உக்காரு."

"அப்ப வரி யாரு குடுக்கிறது? திருவிழா வருதுல்ல?"

சிரிப்பு அடங்கியதும் ஆண்டிச்சாமி, "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுவிட்டு, என்னைத்தான் பார்த்தார். "தோழரே, தாளோடதான் வந்துருப்பீரு. குடும்."

நான் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அடைக்கி எழுந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கோடு போட்ட தாள் ஒன்று, நான்காக மடித்தது, கையில் இருந்தது.

ஆண்டிச்சாமியின் முகம் மாறியது. அவர் மேசையை விட்டு எழுந்து அவள் அருகில் வந்து, தணிந்த குரலில், கெஞ்சுகிற மாதிரியே பேசினார். "அடைக்கி, தாயி, நல்லா யோசிச்சுக்க. செத்த ஆளு பேரு சபையில ஏறுனா, கேசு திரும்ப எந்திரிக்கும். எடத்தப் பூட்டி சீல் வைப்பான். பஸ்ஸு நிக்கும், தண்ணி வண்டி நிக்கும். ஒரு பயலும் வரமாட்டான் இங்கிட்டு."

"தெரியும்ணே."

"ஒனக்கும் என்ன இருக்கு சொல்லு? தெனம் வந்து பாத்துக்கிட்டாவது இருக்கேல்ல? நெழலாவது இருக்குல்ல?"

வெள்ளையம்மாவும் எட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏடி, அந்தக் கெல்மோரு பேரால நாலு வீட்ல ஒல கொதிக்குதுடி."

"கொதிக்கட்டும்க்கா. என் வீட்டுக்காரர அடுப்புல போட்டா எரிக்கணும்?"

வெள்ளையம்மா பிடியை விட்டாள். ஆண்டிச்சாமி மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து நிழலின் ஓரத்தில் அவர் வந்தார், கிரீடமும் போர்வையும் கைத்தடியுமாக. போர்வைக்காரர்கள் எழுந்து நின்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். கைத்தடியை உயர்த்தினார். அத்தனை பேருக்கும் மெய்சிலிர்த்தது, எனக்கும்தான், மறைக்க மாட்டேன். அவ்வளவு அழகான, அவ்வளவு அந்நியமான நிழல் அது. அடைக்கி தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினாள், சத்தத்தில் அவள் உதடு அசைவதுதான் தெரிந்தது.

துரைக்கண்ணு ஒலிபெருக்கியோடு நடுவில் நின்றிருந்தான். அவள் உதட்டைப் பார்த்தான், நிழலைப் பார்த்தான். நேரம் தப்பி வெடி வெடித்த மறுநாள் பாறைச் சரிவை வாரியது அவன் கிரேன்தான் என்பது ஊருக்குத் தெரியும், யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவன் போர்வைக்காரர்களைப் பார்த்துக் கையை இறக்கினான். கூப்பிடுவது நின்றது. பிறகு வந்து ஒலிபெருக்கியை அடைக்கியின் கையில் கொடுத்தான்.

"பொத்தான அமுக்கிக்கிட்டே பேசணும் சித்தி," என்றான்.

மறுநாளிலிருந்து எங்கள் ஊரில் பொழுது மறையும்வரை வெயில் அடிக்கிறது. மிளகாயை எப்போது அள்ளுவது என்று பெண்களுக்குத் தெரிவதில்லை, ஆடுகள் தெருவுக்குத் திரும்பாமல் வெட்டவெளியில் நின்று கத்துகின்றன. ஆண்டிச்சாமி சொன்னது அத்தனையும் நடந்தது, சீல் வைத்தார்கள், பஸ் நின்றது, தண்ணீர் வண்டி நின்றது; வழக்கு மட்டும் மறுபடி எண் போடப்பட்டு நடந்துகொண்டிருக்கிறது. அடைக்கி அன்று ராத்திரியே தாலியைக் கழற்றினாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் போய், அத்தனை வருடம் பாக்கி வைத்திருந்த ஒப்பாரியை விடியும்வரை அழுது முடித்தார்கள். வெள்ளையம்மாதான் முதலில் எடுத்துக் கொடுத்தாள். இதெல்லாம் பிறகு. மந்தையில் அந்த நேரத்தில் நடந்தது இதுதான்.

"செவக்காட்டுப்பட்டி, கீழத்தெரு, அடைக்கி வாசிப்பது." ஒலிபெருக்கியில் அவள் குரல் யாரோ போல இருந்தது. விரலை வரியில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மந்தையில் விழுகிற நிழல் என் வீட்டுக்காரருடையது. அவர் நரிமுடி மலையில் கல் உடைக்கப் போனவர். அங்கேயே," என்று நிறுத்தி, "அங்கேயே இறந்துபோனார்," என்றாள்.

பஞ்சாயத்துச் செயலர் பேனாவை எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், "சாட்சி யாரு?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கொஞ்ச நேரம் நான் மட்டும்தான் நின்றேன். பிறகு வெள்ளையம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எழுதிக்க," என்றாள். துரைக்கண்ணு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான், அவன் உட்காரவில்லை. பூசாரி எழுந்தார். பின் வரிசையில் சாதி கேட்டவன் எழுந்தான். ஜமுக்காளம் முழுவதும் எழுந்தது. என்ன நடக்கிறது என்று புரியாமலே போர்வைக்காரர்களும் கட்டியிருந்த போர்வையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக ஆண்டிச்சாமி, மேசையில் கையை ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டபடி எழுந்தார்.

"சாட்சிக்கெல்லாம் கேக்குறாப்ல பேர வாசிம்மா," என்றார்.

அடைக்கி ஜமுக்காளத்தை விட்டு இறங்கி, நிழலைக் கடந்து, ஓரத்தில், வெயிலில், அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் விலகினார். அவள் நகர்ந்து மறுபடி பக்கத்தில் நின்றாள். தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், அந்தத் தாளின் நிழல் அவர் மார்பில் விழுந்தது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊர் கேட்க அந்தப் பெயரை வாசித்தாள்:

"சேவுகப்பெருமாள்."